‘வெறும்’ ரசாயனம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு நரம்பியலாளர் ழான் பியர் ஷான்ஜெயின் ஆய்வுகள் பற்றிய ஓர் உரையைச் சமீபத்தில் கேட்டேன். நரம்பு அனுப்பும் செய்தியைச் செல்லின் மேல் இருந்து வாங்கிக்கொள்ளும் நிகோடினிக் அசிட்டைல்கோலின் ஏற்பி என்ற ஒரே புரதத்தின் பின்னால் ஒரு மனிதர் இத்தனை வருடம் போயிருக்கிறார் என்பதே வியப்பாக இருந்தது. ஆனால் உரை முடிந்தபோது மனதில் ஒரு கசப்புதான் மிஞ்சியது.

என் அண்ணன் பதினெட்டு வருடமாகப் புகைபிடிக்கிறான். நான்கு முறை விட்டான், நான்கு முறையும் திரும்பினான். கடைசி முறை ஒன்பது நாள் தாங்கினான். கோழை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். இந்த உரையிலோ, மூளையிலேயே நிகோடினுக்கு ஏற்பி இருக்கிறது, அதன் ஒரு பகுதியை நீக்கிவிட்டால் சுண்டெலி நிகோடினைத் தேடுவதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் இயற்கையே நம்மைப் புகையிலைக்காகப் படைத்திருக்கிறதா? மன உறுதி, வைராக்கியம் என்று நீங்களெல்லாம் எழுதுவது வெறும் ரசாயனம்தானா?

இன்னும் இரண்டு சிறு கேள்விகள். ‘ரிசெப்டர்’ என்று எழுதுவதா, ‘ஏற்பி’ என்று எழுதுவதா? நிகோடின் கவனத்தைக் கூர்மையாக்கும் என்றும் உரையில் சொன்னார்கள். தேர்வுக்குப் படிக்கும் நான் நிகோடின் கம் மெல்லலாமா?

ர.

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ர.,

வருகிற கடிதங்களில் பாதிக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதைத் தனியாக எடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் பழைய இரும்புப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய கோப்பு கிடைத்தது. அன்றிலிருந்து, நீங்கள் எழுதியிருக்கும் இதே புரதத்தைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சிறு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஏற்பி நல்ல சொல், எழுதுங்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. நிகோடின் கம் பற்றி: வேண்டாம். புகைபிடிப்பவர் விடுவதற்கு உதவியாகக் கொடுக்கும் பொருள் அது. உங்கள் அண்ணன் பதினெட்டு வருடமாக வெளியே வர முடியாமல் தவிக்கும் இடத்துக்குள், மதிப்பெண்ணுக்காக நான் போகலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்புவதற்கு முன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

இயற்கை நம்மைப் புகையிலைக்காகப் படைத்ததா என்ற கேள்வியில் உங்களைக் குழப்புவது பெயர். அந்த ஏற்பி நிகோடினுடையது இல்லை, அசிட்டைல்கோலினுடையது. நரம்பின் நுனியிலிருந்து வெளிப்பட்டு, மிகக் குறுகிய இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லிடம் ‘இப்போது’ என்று சொல்லும் சிறு மூலக்கூறு அது. நிகோடின் என்பது, தன் இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்லப் புகையிலைச் செடி தயாரித்துக்கொள்ளும் நஞ்சு. பூச்சியின் நரம்புகளிலும் இதே குடும்பத்து ஏற்பி இருக்கிறது, அதனால் நஞ்சு பலிக்கிறது. நம்மிடமும் இருக்கிறது, நம்மிடமும் பலிக்கிறது.

பெயர் வந்த கதை எளிது. கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905இல் கோழியின் தசை மீது நிகோடினையும், குராரே என்ற அம்பு நஞ்சையும் இட்டுப் பார்த்தார். நரம்பை வெட்டி அது பட்டுப்போன பிறகும் நிகோடின் தசையைச் சுருக்கியது. குராரே அதைத் தடுத்தது. அப்படியானால் இரண்டும் வேலை செய்கிற இடம் நரம்பு இல்லை, தசைதான், அங்கே ஏதோ ஓர் ‘ஏற்கும் பொருள்’ இருந்தாக வேண்டும் என்றார். 1914இல் ஹென்றி டேல் அசிட்டைல்கோலினின் வேலைகளை இரண்டாகப் பிரித்தார். நிகோடின் செய்வதைப் போன்றவை ஒன்று, மஸ்கரின் என்ற காளான் நஞ்சு செய்வதைப் போன்றவை இன்னொன்று. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து நுழைந்த திருடனின் பெயரையே கதவுக்கு வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு, வீட்டைக் கட்டியதே திருடனுக்காகத்தான் என்று நீங்கள் எழுதுகிறீர்கள்.

ஷான்ஜெயின் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது சுண்டெலி இல்லை. அதற்கு முன்னால் வருகிற விலாங்கும் பாம்பும்தான்.

1960களில் ஏற்பி என்பது ஒரு வாதம் மட்டுமே. அதை யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஷான்ஜெ பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ழாக் மோனோவிடம் ஆய்வு கற்றவர். ஒரு புரதத்தின் ஓரிடத்தில் சிறு மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டினால், தள்ளியிருக்கும் இன்னோர் இடத்தில் அதன் உருவமும் வேலையும் மாறும் என்பதை நொதிகளில் கண்டவர். 1965இல் மோனோ, வைமன், ஷான்ஜெ மூவரும் சேர்ந்து அதை எழுதினார்கள். நரம்பின் ஏற்பியும் இப்படி ஒரு புரதம்தான் என்று அவர் எண்ணினார். ஆனால் பிடிப்பது எப்படி? சாதாரணத் தசையில் அது நரம்பு தொடும் பொட்டளவு இடத்தில் மட்டுமே குவிந்திருக்கும்.

மின் விலாங்கின் மின்னுறுப்பு உண்மையில் உருமாறிய தசை. சுருங்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் உண்டாக்குவதை மட்டும் வைத்துக்கொண்ட தசை. தட்டையான செல்கள் ஆயிரக்கணக்கில் அடுக்காக இருக்கும், அவற்றில் இந்த ஏற்பி ஏராளம். பொருள் கிடைத்துவிட்டது, தூண்டில்தான் வேண்டும். தைவானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள பட்டைக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற நஞ்சை 1963இல் பிரித்திருந்தார்கள். தசையின் ஏற்பியை அது கவ்விக்கொண்டால் லேசில் விடாது. லீயின் நஞ்சை வைத்து 1970இல் ஷான்ஜெயின் குழு விலாங்கிலிருந்து அந்தப் புரதத்தைக் கரைத்தெடுத்து அடையாளம் கண்டது. லாங்லி சொல்லி 65 வருடம்.

ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளை. இரண்டு அசிட்டைல்கோலின் வந்து உட்கார்ந்தால் துளை திறக்கும். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அதற்குள் சோடியம் உள்ளே பாய்ந்துவிடும், மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு நொதி காத்திருந்து அசிட்டைல்கோலினை உடைத்துப்போடும். நீங்கள் இந்த வரியைப் படிக்கக் கண்ணை நகர்த்துவது இப்படித்தான்.

கட்டுவிரியன் கடித்தவரின் உடலில் முதலில் விழுவது பெரும்பாலும் கண்ணிமை. என் அம்மாவைப் பாம்பு கடிக்கவில்லை. ஆனால் அவள் இமைகள் ஒவ்வொரு மாலையும் விழுந்தன.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. காலையில் அம்மா நன்றாக இருப்பாள். வீட்டு வேலை, சிரிப்பு, சத்தம் எல்லாம் இருக்கும். மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாக அணையும். தலை வாரக் கையைத் தூக்கினால் சீப்போடு கை தானாக இறங்கிவிடும். சாப்பிடும்போது பாதியில் தாடை நின்றுபோகும், உள்ளங்கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மெல்லுவாள். இரவில் எனக்குக் கதை வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. முதல் பக்கம் கணீரென்று வரும். இரண்டாம் பக்கத்தில் குரல் மூக்கில் ஏறும். மூன்றாம் பக்கத்தில் சொற்கள் குழைந்துவிடும். இமைகள் பாதிக் கண்ணை மூடியிருக்கும். அப்போது வலது ஆள்காட்டி விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள்.

வீட்டில் இதற்கு ஒரு பெயர் இருந்தது, சோம்பல். “காலையில நல்லாத்தானே இருந்தா, வேலைன்னு சொன்னா மட்டும் கண்ணு சொருகுது” என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். காலையில் நன்றாக இருந்ததுதான் அவளுக்கு எதிரான சாட்சி. ஒரு மருத்துவர் ரத்தம் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போதும் கோப்பில் இருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த தசைகளுக்கு, அதுவும் மூச்சு விடும் தசைகளுக்கு, அந்த வகை மாத்திரை எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரிந்துகொண்டு அதைப் பார்க்கையில் கை நடுங்குகிறது.

நானும் சொன்னேன். கதை ஒரு முக்கியமான இடத்தில் குழைந்து நின்ற இரவில், “நடிக்காதே அம்மா” என்றேன். அவள் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலும் அந்நேரத்தில் அவள் நாக்கு ஒத்துழைத்திருக்காது என்பது எனக்கு அன்று தெரியாது.

இரண்டரை வருடம் இப்படிப் போனது. பிறகு வேறு ஏதோ காரணத்துக்காகப் போன இடத்தில் ஒரு இளம் மருத்துவர் அம்மாவை வினோதமாக ஒன்று செய்யச் சொன்னார். தலையை அசைக்காமல், இமைக்காமல், கூரையையே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமைகள் மெல்ல மெல்ல இறங்கின. அவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஓர் இமை மீது இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது அந்த இமை மேலே போயிருந்தது. மற்றது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணாடி கேட்டாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “பாத்தீங்களா” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டரை வருடம் இருந்தது.

மயஸ்தீனியா கிராவிஸ். உடலின் காவல் படை குழம்பிப்போய்த் தன் தசைகளில் இருக்கும் இதே ஏற்பியை எதிரி என்று நினைத்து அழிப்பது. இது தெரிய வந்ததும் விலாங்கு வழியாகத்தான். கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் விலாங்கிலிருந்து தூய்மையாக்கிய ஏற்பியை முயல்களுக்கு ஊசியில் போட்டார்கள். அதற்கு எதிரான பொருளை முயலின் ரத்தத்தில் உண்டாக்குவதுதான் நோக்கம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு முயல்கள் துவண்டு விழுந்தன. மயஸ்தீனியா நோயாளிகளுக்குத் தரும் மருந்தைப் போட்டபோது எழுந்துகொண்டன. இது 1973. அதே ஆண்டு ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூவரும் நோயாளிகளின் தசையில் ஏற்பிகளை எண்ணிப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எதைக் கொண்டு எண்ணினார்கள் என்றால், கதிரியக்கம் ஏற்றிய ஆல்ஃபா பங்காரோடாக்சின். இமையை விழ வைக்கிற அதே நஞ்சு, இமை ஏன் விழுகிறது என்பதற்குச் சாட்சி சொன்னது.

காலையில் நன்றாக இருந்தது ஏன் என்றும் இப்போது எனக்குத் தெரியும். நரம்பு அடுத்தடுத்துத் தூண்டப்படும்போது ஒவ்வொரு முறையும் வெளிவரும் அசிட்டைல்கோலின் சிறிது குறைந்துகொண்டே போகும். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். ஆனால் நமக்கு ஏற்பிகள் தேவைக்கு மேலேயே இருப்பதால் அந்தக் குறை வெளியே தெரிவதில்லை. அம்மாவிடம் அந்த உபரி இல்லை. முதல் பக்கம் வாசிக்கும்போது போதுமாக இருந்தது மூன்றாம் பக்கத்தில் போதவில்லை. குளிர் பட்டால் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி மந்தமாகும், இருக்கிற கொஞ்சமும் இன்னும் சிறிது நேரம் தங்கும், இமை எழும். அந்த ஐஸ் கட்டியில் இருந்த சூட்சுமம் இவ்வளவுதான். மாத்திரைகளும் அந்த நொதியைத்தான் தடுக்கின்றன. இதைச் செய்து காட்டியவர் மேரி வாக்கர், லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் உதவி மருத்துவர், 1934இல். இந்த நோயாளிகள் குராரே நஞ்சு ஏறியவர்கள் போலவே இருக்கிறார்களே, குராரேக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கொடுத்தார், இமை எழுந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அது ‘கோழை’ இல்லை. அதைப் பிறகு பேசுகிறேன். ‘வெறும் ரசாயனம்தானா’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘வெறும்’.

ர., அம்மா கண்ணாடியில் பார்த்தது ரசாயனத்தைத்தான். ஒரு நொதி சிறிது மந்தமானது, சில மூலக்கூறுகள் சிறிது அதிக நேரம் தங்கின, ஒரு துளை திறந்தது. அதில் எது வெறும்? இரண்டரை வருடம் ஒரு பெண்ணை நடிப்பவள் என்று சொன்ன வீட்டில், அவள் பொய் சொல்லவில்லை என்று காட்டியது அது. நாங்கள் யாரும் செய்யாததை அது செய்தது. குணம் என்றும் மனசு என்றும் நாங்கள் பெரிய சொற்களாகப் பேசிக்கொண்டிருந்தோமே, அவையல்லவா வெறும்? பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் நாங்கள், சோம்பேறிப் பட்டம் அவளுக்கு.

ரசாயனம் என்று தெரிந்ததும் மனிதன் சுருங்கிவிட்டான் என்று பலர் எழுதுகிறார்கள். இதே தொனியில் எனக்கு வரும் நாலாவது கடிதம் உங்களுடையது. அன்பு வெறும் சுரப்பு, துக்கம் வெறும் சமநிலைக் குறைவு, வைராக்கியம் வெறும் ஏற்பி. இப்படிச் சொல்வதில் ஒரு புத்திசாலித்தனத்தின் மினுக்கம் இருக்கிறது. ஆனால் சொல்பவர் எதையும் கிட்டப் போய்ப் பார்த்தவர் இல்லை. பார்த்தவர்கள் அப்படிப் பேசுவதில்லை. 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியைத் தவளையின் தசைநாரில் பதித்து, இந்த ஏற்பி ஒன்றே ஒன்று திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பதிவு செய்தார்கள். தட்டையான கோடு, திடீரென்று ஒரு படி, மறுபடியும் தட்டை. அந்தப் படத்தை நான் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு புரத மூலக்கூறு தன் வேலையைச் செய்யும் கணம் அது. அதைப் பார்த்துவிட்டு ‘வெறும்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. இசையைக் கேட்டு, வெறும் காற்றின் அசைவு என்று யாராவது எழுந்து போனால் அவருக்கு உண்மை தெரியும் என்றா சொல்வோம்? அவருக்குக் காது இல்லை என்போம். ‘வெறும்’ என்ற சொல் எதையும் விளக்குவதில்லை, பேச்சை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். ‘சோம்பேறி’யும் அதைத்தான் செய்தது. ‘கோழை’யும் அதைத்தான் செய்கிறது. மூன்றும் ஒரே அவசரம்.

இனி அப்பா. உங்கள் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அப்பா புகைபிடிப்பவர். காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே வாசற்படியில் உட்கார்ந்து முதல் சிகரெட்டைப் பற்றவைப்பார். ஏழெட்டு முறை விட்டார். ஒருமுறை பாக்கெட்டைக் கிணற்றில் எறிந்தார். அம்மாவே, “உறுதி இல்லாத மனுஷன்” என்று அவரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இமையை விரலால் தூக்கிப் பிடித்தபடி. அந்தக் காட்சி இப்போது எப்படித் தெரிகிறது என்றால், இந்த ஏற்பிக் குடும்பத்தால் வதைபட்ட இரண்டு பேர் ஒரே வாசலில் இருந்தார்கள். ஒருவரின் தசையில் அது குறைந்துபோயிருந்தது. இன்னொருவரின் மூளையில் கூடிப்போயிருந்தது. இருவரையும் மற்றவர்கள் குணத்தை வைத்துத் திட்டினார்கள், ஒருவரையொருவர் உட்பட.

கூடிப்போயிருந்தது என்பதை விளக்க வேண்டும். அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியால் நிகோடினைத் தொட முடியாது. அதனால் நிகோடின் வந்தால் சட்டென்று போகாது. தசையில் உள்ள ஏற்பியை, புகைபிடிப்பவரின் ரத்தத்தில் இருக்கும் அளவு நிகோடின் பெரிதாக அசைப்பதில்லை. மூளையில் ஆல்ஃபா 4, பீட்டா 2 என்ற துண்டுகளால் ஆன வகையைத்தான் அது மிக இறுகப் பற்றும். அந்தப் பிடியின் இறுக்கம் ஏறக்குறைய ஒரே ஒரு அமினோ அமிலத்தின் வித்தியாசம் என்று கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் டென்னிஸ் டோஹர்ட்டியும் ஹென்றி லெஸ்டரும் 2009இல் காட்டினார்கள். தசையின் ஏற்பியிலும் மூளையில் உள்ள அதே அமிலம் இருந்திருந்தால் சிகரெட் பிடித்தவர்கள் தசை இழுத்து விழுந்திருப்பார்கள், யாரும் இரண்டாவது சிகரெட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பற்றிக்கொண்ட நிகோடின் நெடுநேரம் இருப்பதால் ஏற்பி சிறிது நேரத்தில் மரத்துப்போகிறது. சில வாரங்களில் மூளை செல்களின் மேல் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. 1983லேயே எலிகளில் பார்த்தார்கள், பிறகு இறந்துபோன புகைபிடிப்பவர்களின் மூளையிலும் பார்த்தார்கள். ஒரே ஒரு சிகரெட் முழுதாகப் பிடித்தால் அந்த வகை ஏற்பிகளில் 88 விழுக்காட்டுக்கு மேல் நிகோடின் உட்கார்ந்துவிடுகிறது என்று 2006இல் உயிரோடு இருப்பவர்களின் மூளையைப் படம் பிடித்துக் கணக்கிட்டார்கள். இரவு தூங்கும்போது நிகோடின் வடிகிறது. மரத்துப்போனவை ஒவ்வொன்றாக விழிக்கின்றன. காலையில், எண்ணிக்கையில் கூடிப்போன அத்தனையும் காலியாகக் காத்திருக்கின்றன. முகம் கழுவுவதற்கு முன் வாசற்படியில் உட்கார்ந்த அப்பாவை நான் இப்போது அப்படித்தான் நினைத்துப் பார்க்கிறேன். அவர் மூளையை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் அப்படிப் பிடித்த ஒருவர் இதற்கு விலக்காக இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அவரிடம் உறுதி இல்லையா? அம்மாவுக்கு நோய் தெரிந்த நாளிலிருந்து மாத்திரைப் பொறுப்பு அவருடையது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அலாரம் வைத்துக்கொள்வார். பத்தொன்பது வருடம், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் தவழ்ந்து வந்து கொடுத்திருக்கிறார். மன உறுதியை அளக்க ஒரு கருவி இருந்தால் நான் அதை முதலில் அவரிடம்தான் கொண்டுபோவேன். அந்த மனிதரால் சிகரெட்டை விட முடியவில்லை. நுரையீரலில்தான் அவருக்கு முடிவு வந்தது. ஆகவே மன உறுதி பொய்யா என்று நீங்கள் கேட்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த ஒரு மனிதர்தான். உறுதி உண்டு, அவரிடம் மலை மலையாக இருந்தது. அதன் எதிரில் நின்றது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஏழெட்டு முறையும் தன்னை இவ்வளவு கேவலமாக நினைத்துக்கொண்டு திரும்பியிருக்க மாட்டார்.

நீங்கள் கேட்ட சுண்டெலிகளைப் பற்றி: ஷான்ஜெயின் ஆய்வகத்தில் பீட்டா 2 துண்டு இல்லாமல் பிறக்க வைத்த சுண்டெலிகள் நிகோடினைத் தாமாகத் தேடி எடுத்துக்கொள்ளவில்லை. 2005இல் அந்த மரபணுவை நடுமூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் திருப்பிக் கொடுத்தபோது தேட்டமும் திரும்பியது. அழகான சோதனை. ஆனால் உங்கள் அண்ணன் சுண்டெலி இல்லை, அவரிடமிருந்து பீட்டா 2வை யாரும் எடுக்கப் போவதும் இல்லை. அவருக்கு உபயோகமானது வேறொன்று. விட்டவர்களின் மூளையைத் தொடர்ந்து படம் பிடித்துப் பார்த்தபோது, கூடிப்போன ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆனது.

ஒன்பது நாள், ர. நீங்கள் கோழைத்தனம் என்று பெயர் வைத்தது அந்த ஒன்பது நாளுக்கு. மிகக் கடுமையான நாட்கள் எவையோ அவற்றை அவர் தனியாகக் கடந்திருக்கிறார். அப்போது வீட்டில் இருந்தவர் நீங்கள். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பத்தாம் நாள் அவர் கையில் சிகரெட்டைப் பார்த்தவுடன் உங்கள் வாயில் வந்த சொல்லை, பதிமூன்று வயதில் என் வாயில் வந்ததோடு வைத்துத்தான் நான் பார்க்கிறேன். எனக்கு மன்னிப்புக் கேட்க அவகாசம் கிடைத்தது. அம்மா, “நீ சின்னப் பிள்ளைதானே” என்றாள். நீங்கள் சின்னப் பிள்ளை இல்லை.

அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வரெனிக்ளின் என்று ஒரு மருந்து இருக்கிறது, 2006இலிருந்து. லேபர்னம் என்ற மஞ்சள் பூ மரத்தின் விதையில் இருக்கும் சிட்டிசின் என்ற நஞ்சைப் பார்த்துச் செய்தது. அதே ஆல்ஃபா 4 பீட்டா 2 ஏற்பியில் போய் உட்கார்ந்து, கதவைப் பாதி திறந்து வைக்கும். தவிப்பு அடங்கும், சிகரெட் பிடித்தாலும் நிகோடினுக்கு உட்கார இடம் இருக்காது. அவருக்கு அது ஏற்றதா என்று மருத்துவர் சொல்லட்டும்.

போவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள். திட்டுகிற குரலில் வேண்டாம். காலையில் எழுந்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் சிகரெட் என்று. மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும். அவர் சொல்கிற எண்ணை எனக்கும் எழுதுங்கள்.